திறந்தபின் மிச்சமிருப்பது

1

மரப் புதிர்ப்பெட்டிகளைப் பற்றிய மதிப்புரைகள் பத்தைப் படித்துவிட்டால் பதினொன்றாவதை நீங்களே எழுதிவிடலாம். எத்தனை அசைவில் திறக்கும், என்ன மரம், எத்தனை பிரதி செய்தார்கள், என்ன விலை. நடுவில் நாலைந்து அழகான படங்கள். கடைசியில், இதற்கு மேல் சொன்னால் உங்கள் அனுபவம் கெட்டுவிடும் என்று ஒரு வரி. எழுதியவருக்குப் பெட்டி பிடித்திருக்கிறது என்பது மட்டும் புரியும். ஏன் பிடித்தது, அது இன்னொரு பெட்டியைவிட எந்த வகையில் மேல், எங்கே சறுக்குகிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. இந்தக் கலைக்கே உரிய சங்கடம் இது. புதிர்ப்பெட்டியின் உள்ளடக்கம் என்பது அதைத் திறக்கும் வழிதான். உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் காற்றும் மரவாசனையும். வழியைச் சொல்லாமல் பெட்டியை எப்படி விமர்சிப்பது? வழியைச் சொல்லிவிட்டால் வாசகருக்குப் பெட்டியே மிஞ்சாது. துப்பறியும் நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவருக்கும் இதே தொல்லை உண்டு. ஆனால் அவருக்கு நடை, பாத்திரம், சூழல் என்று பேசுவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. பெட்டியைப் பற்றி எழுதுகிறவர் தனக்கு அப்படி எந்த இடமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு விலையையும் எண்ணிக்கையையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

அப்படி இடம் இருக்கிறது என்பதுதான் என் தரப்பு. ஒரு பெட்டியின் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே அதன் தரத்தைப் பேச முடியும். அப்படிப் பேசாமல் விட்டதால்தான் அசைவுகளின் எண்ணிக்கையே தரம் என்றாகிவிட்டது. கதையின் திருப்பத்தை யாரும் சொல்லிவிடக்கூடாது என்று பதறும் காலத்தில் வாசிக்கிற நமக்கும் இதில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

2

முதலில் இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஜப்பானில் டோக்கியோவுக்குத் தென்மேற்கே இருக்கிறது ஹகோனே மலைப்பகுதி. எடோ காலத்தில் எடோவையும் கியோத்தோவையும் இணைத்த டோக்கைதோ பெருவழி இதன் வழியாகத்தான் போனது. பலவகை மரங்கள் விளையும் மலை, வெந்நீர் ஊற்றுகள், போக வர வழிப்போக்கர் கூட்டம். மரவேலைக்காரர்களுக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்காது. அந்தப் பாதையில் உள்ள ஹதஜுகு என்ற கிராமத்தில், எடோ காலத்தின் இறுதிப் பகுதியில், இஷிகாவா நிஹெய் என்ற கைவினைஞர் தொடங்கியதாகச் சொல்லப்படுவது யோசேகி சைகு என்ற மரவேலை. 1984இல் ஜப்பான் அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது.

யோசேகியில் சாயம் கிடையாது. நிறமெல்லாம் மரத்தின் சொந்த நிறம். வெள்ளைக்கு ஒரு மரம், மஞ்சளுக்கு ஒரு மரம், கறுப்புக்கு நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்து கருத்துப்போன கட்சுரா. இவற்றைக் குச்சிகளாக அறுத்து, கோணம் பார்த்து இழைத்து, பசை போட்டுக் கட்டினால் ஒரு சிறு கோலம் உருவாகும். அப்படிப் பல கோலங்களைச் சேர்த்து ஒட்டினால் ஒரு மரக்கட்டை முழுக்கக் கோலம். அந்தக் கட்டையின் மேல் அகலமான இழைப்புளியைப் போட்டு இழுத்தால் தாள் போல மெல்லியதாக ஒரு சீவல் வரும். சுருண்டு வரும் அந்தச் சீவலைத் தேய்த்து நேராக்கிப் பெட்டியின் மேல் ஒட்டுகிறார்கள். நம் ஊர்த் தச்சர் இழைப்புளிச் சீவலைக் கூட்டி அள்ளிப் போடுவார். இங்கே சீவலுக்காகத்தான் இழைப்பே.

இந்தக் கோலத்தை உடுத்திக்கொண்டு 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது ஹிமிட்சு பாக்கோ, அதாவது ரகசியப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் ஆறு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். மூடி எது, அடி எது என்று தெரியாது. பூட்டு, கீல், கைப்பிடி எதுவும் இல்லை. ஒரு பக்கத்துப் பலகையைச் சரியான திசையில் அழுத்தித் தள்ளினால் சில மில்லிமீட்டர் மட்டும் நகரும். அது நகர்ந்ததால் அடுத்த பக்கத்துப் பலகைக்கு வழி கிடைக்கும். அது நகர்ந்தால் முதல் பலகை இன்னும் கொஞ்சம் நகரும். இப்படி மாறி மாறிப் போய், கடைசியில் மேல்பலகை வழுக்கிக்கொண்டு திறக்கும். பெட்டியின் அளவை சுன் என்ற பழைய அலகில் சொல்வார்கள். ஒரு சுன் சுமார் 3 சென்டிமீட்டர். நான்கு சுன் பெட்டி, ஐந்து சுன் பெட்டி. நான்கு அசைவு, ஏழு அசைவு, பத்து, பன்னிரண்டு, இருபத்தொன்று என்று போகும்.

சாமுராய்கள் ரகசியக் கடிதங்களை வைத்துக் கொண்டுபோன பெட்டி என்று இணையக் கடைகளில் எழுதியிருப்பார்கள். நல்ல கதைதான், ஆனால் பெட்டியே அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. மரத்தாலான சின்னப் பெட்டி. அவசரத்தில் இருக்கிறவன் காலால் ஒரு மிதி மிதித்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஒளித்துவைப்பதற்காக இவ்வளவு பாடுபட யாருக்கும் தேவையில்லை. இது சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போகும் ஞாபகப்பொருளாக வளர்ந்தது. கண்டுபிடிக்கப்படுவதற்காகவே வைக்கப்பட்ட ரகசியம் இதில் இருப்பது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

இங்கேயே ஒரு விமர்சகருக்கு வேலை இருக்கிறது. கோலம் எதற்கு? அழகுக்கு என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஒரு நல்ல பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோலம் முழுக்கக் கோடுகள். பலகைகள் சந்திக்கும் இடங்களும் கோடுகள்தான். நூறு கோட்டுக்கு நடுவில் உண்மையான இடுக்கு எது என்று கண்ணுக்குத் தெரியாது. அலங்காரமே இங்கே ஒளிப்பு. வேலை சுமாரான பெட்டியில் கோலத்தின் வரிசை மூலைகளில் தப்பும்; நகரும் பலகையைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஆக, ஒரு ஹிமிட்சு பாக்கோவின் மேற்பரப்பு நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியும் அதன் புதிர் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியும் ஒன்றுதான். இதைச் சொல்ல ஒரு அசைவைக்கூட நான் வெளியிட வேண்டியிருக்கவில்லை.

3

அடுத்து எண்ணிக்கை. "எத்தனை ஸ்டெப்?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. பத்து அசைவுப் பெட்டியைவிட ஐம்பத்துநான்கு அசைவுப் பெட்டி உயர்ந்தது என்பது கடை அலமாரியின் தர்க்கம். விலையும் அப்படித்தான் ஏறும், செய்கிற வேலையும் கூடுதல் என்பதால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் பெட்டியைத் திறக்கிறவரின் பக்கம் நின்று பார்த்தால் எண்ணிக்கை என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, வெறும் கூட்டல். ஏழு அசைவில் தெரிந்துகொண்டதைத்தான் இருபதாவது அசைவிலும் செய்கிறோம். இடது, வலது, கொஞ்சம் கீழே, மறுபடி இடது. புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை, பொறுமை மட்டும் போதும். முந்நூறு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய நாவல் தொள்ளாயிரம் பக்கம் போவதைப் போல. நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை சுவாரசியமானது. ஹிரோஷி இவஹாரா என்ற கைவினைஞர் செய்த 'சூப்பர் கியூபி' என்ற கனசதுரப் பெட்டி 324 அசைவில் திறக்கும். அவருடைய 'கிங் கியூபி'க்கு 1536 அசைவு. கேட்டவுடன் பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். ஆனால் இதில் நினைவில் வைக்க வேண்டியது 324 விஷயங்கள் இல்லை. ஒரே ஒரு விதிதான். தள்ளி இருக்கிற பலகையை ஒருமுறை நகர்த்த வேண்டும் என்றால், அதற்கு முந்தைய பலகைகள் எல்லாம் குறிப்பிட்ட நிலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த முந்தைய பலகைகளுக்கும் அதே விதி. சீன வளையங்கள் என்ற பழைய புதிரிலும் இதே தர்க்கம்தான்: கம்பியில் கோத்த ஒன்பது வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற 341 அசைவு வேண்டும். விதி ஒன்று, அது தன்னைத்தானே உள்ளுக்குள் மடித்துக்கொண்டே போகிறது. நம் மனம் விதியை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். அதற்கப்புறம் கை வேலை செய்ய, மனம் வேடிக்கை பார்க்கும்.

இது நல்ல பெட்டியா? என் மதிப்பீடு: சூப்பர் கியூபி ஒரு மகத்தான கருத்து, ஆனால் அதை வாசிக்கிற அனுபவம் பாதிக்கு மேல் தாங்காது. விதி புரிந்த கணம்தான் அதன் உச்சம். அது முன்பாதியிலேயே வந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் சரிபார்ப்பு. கிங் கியூபியில் அந்த மிச்சம் பல மடங்கு. விதியை அறிந்த ஒருவருக்கு அது புதிதாக எதையும் தருவதில்லை. சாதனைப் பட்டியலுக்காகத் தன்னைத்தானே நீட்டிக்கொண்ட படைப்பு என்றே படுகிறது. இப்படி ஒரு கருத்தைச் சொன்னதால் யாருடைய அனுபவமும் கெட்டுவிடாது. ஆனாலும் இவற்றைப் பற்றிப் படிக்கிற இடமெல்லாம் எண்ணைச் சொல்லி வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாவது வகையில் எண்ணிக்கைக்கு இடமே இல்லை. ஒரே அசைவு, அல்லது இரண்டு. ஆனால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகும். இங்கேதான் கதை திசை மாறுகிறது.

4

1999இல் அகியோ காமெய் என்ற கைவினைஞரை மையமாகக் கொண்டு கராகுரி கிரியேஷன் குரூப் என்ற சிறு குழு ஹகோனே வட்டாரத்தில் உருவானது. பத்துப் பேரை ஒட்டிய குழு. கராகுரி என்றால் பொறியமைப்பு, தந்திரம். எடோ காலத்துத் தேநீர் பரிமாறும் மரப்பொம்மைக்கும் அதே பெயர்தான். இந்தக் குழுவின் பெட்டிகள் பல, பெட்டிபோலவே இருக்காது. புத்தகமாக, பகடைக்காயாக, வண்டியாக, பிராணியாக இருக்கும். யோசேகிக் கோலம் கட்டாயம் இல்லை. பெரும்பாலும் மரத்தின் சாதா முகம்தான். பலகையைத் தள்ளினால் நகராது. சாய்க்க வேண்டும், சுழற்ற வேண்டும், தலைகீழாக்க வேண்டும், இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஈர்ப்புவிசையும் காந்தமும் மையவிலக்கு விசையும் உள்ளே வேலைக்காரர்கள்.

பழைய ஹிமிட்சு பாக்கோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பழையது பூட்டு. அதன் வெளித்தோற்றம் அதன் திறவுகோலைப் பற்றி எதுவும் சொல்லாது. சொல்லாமல் இருப்பதுதான் அதன் திறமை. புதியது விடுகதை. விடுகதையில் கேள்விக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும். பதில் தெரிந்தபின், "அட, இது முதலிலேயே சொல்லியிருந்ததே" என்று நம் பாட்டிகளிடம் நாம் தோற்ற இடம் அதுதான். கராகுரி பெட்டி ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது என்பது திறந்தபின் தெரிய வேண்டும். அந்தப் பொருளை உண்மையில் எப்படிப் பயன்படுத்துவோமோ, அந்தச் செயலுக்கும் பெட்டி திறப்பதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும். உருவம் வெறும் சட்டையாக இருந்து, உள்ளே சம்பந்தமில்லாத தாழ்ப்பாள் இருந்தால் அது மோசமான விடுகதை. அழகாக இருக்கலாம், விடுகதையாகத் தோற்றது.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. அதை நியாயம் என்று சொல்லலாம். ஒரு பெட்டி தன்னைத் திறக்க வந்தவரிடம் நியாயமாக நடந்துகொண்டதா? சில பெட்டிகளுக்குள் ஒரு குண்டு உருளும். அது சரியான குழியில் விழுந்தால் தாழ் விலகும். குண்டு எங்கே இருக்கிறது, குழி எங்கே என்று கைக்கோ காதுக்கோ தகவல் ஏதாவது வருகிறதா? வந்தால் அது புதிர். வராவிட்டால் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு நாள் தானாகத் திறக்கும். "தொறந்திருச்சு, ஆனா எப்படின்னு தெரியல" என்று சொல்ல வைக்கிற பெட்டி, என் பார்வையில், திறக்காத பெட்டியைவிடக் கேவலம். வாசகருக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டுப் புரிதலைக் கொடுக்காமல் விடுகிறது.

அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த கேகன் சவுண்ட் செய்த ஒரு மேசை இந்த அளவுகோலுக்கு நல்ல சோதனை. நான் நேரில் பார்த்ததில்லை, காணொளியில்தான். அதன் இழுப்பறைகளை உள்ளே தள்ளும்போது காற்று மரக்குழாய்கள் வழியாகப் போய் ஒலி எழுப்பும். மேசையே ஒரு குழல்வாத்தியம். எந்த ஸ்வரம் எந்த வரிசையில் வந்தது என்பதை உள்ளே இருக்கும் காற்றுப்பொறி நினைவில் வைத்துக்கொள்ளும். சரியான மெட்டை வாசித்தால் ரகசிய அறை திறக்கும். மின்சாரம் இல்லை, முழுக்க மரமும் காற்றும்.

கறாராகப் பார்த்தால் இது பூட்டுதான். மெட்டு தெரியாதவருக்கு மேசை எந்தக் குறிப்பும் தருவதாகத் தெரியவில்லை. என் அளவுகோலின்படி இது தோற்க வேண்டும். ஆனால் தோற்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் இங்கே திறவுகோல் ஒரு தடையைத் தாண்டும் உபாயமாக மட்டும் நிற்கவில்லை. இசையை வாசிப்பது என்பது தன்னளவிலேயே செய்யத்தக்க செயல். அறை திறந்தாலும் திறக்காவிட்டாலும் நீங்கள் ஒரு மெட்டை வாசித்திருக்கிறீர்கள். பெட்டியைத் திறக்கும் வழி, பெட்டி திறந்தபின்னும் மதிப்போடு இருக்கிறது.

5

இங்கேதான் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வி வருகிறது. என் நண்பர் ஒருவர் நேராகவே கேட்டார்: "சரி, தொறந்தாச்சு. அப்புறம்? அலமாரில தூங்க வேண்டியதுதானே?" விடுகதைக்கு ஒருமுறைதான் உயிர். பதில் தெரிந்தவனிடம் அதைத் திரும்பக் கேட்க முடியாது. கராகுரி பெட்டி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அந்த முதல் "ஆ!" ஒரு தடவைதான். அப்படியானால் இது கலையா, உயர்தர வேடிக்கையா?

பதில் பழைய பெட்டியிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். என்னிடம் நான்கு சுன், பத்து அசைவு ஹிமிட்சு பாக்கோ ஒன்று இருக்கிறது. நிபுணர்கள் சீண்டாத சாதாரணப் பெட்டி. அதைத் திறக்கும் வரிசை இப்போது என் தலையில் இல்லை. யாராவது வரிசையைச் சொல்லச் சொன்னால் திணறுவேன். ஆனால் கையில் கொடுத்தால் கை தானாகப் போகும். எத்தனையோ முறை திறந்துவிட்டேன், சலிக்கவில்லை. வரிசையில் ஒரு தாளம் இருக்கிறது. சிறு நகர்வு, சிறு நகர்வு, அப்புறம் ஒரு பெரிய வழுக்கல். ஒரு பலகை தன் எல்லைக்குப் போய் நிற்கும்போது வருகிற மெத்தென்ற முட்டல். மனப்பாடமான பாட்டை யாரும் முடிவு என்னவென்று அறிவதற்காகப் பாடுவதில்லை.

இன்னொன்று, மூடுவது. இந்தப் பெட்டியை மூட, வந்த வழியே பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு அசைவு தப்பினாலும் மூடி உட்காராது. அக்கா மகள் அதைத் திறந்துவிட்டு, "மாமா, இது மூட மாட்டேங்குது" என்று கொண்டுவந்து கொடுத்தாள். தடுமாறித் திறந்தவரால் மூட முடியாது. மூட முடிந்தவருக்குத்தான் பெட்டி புரிந்திருக்கிறது. நல்ல சிறுகதையின் கடைசி வரியைப் படித்தபின், அங்கிருந்து பின்னால் நடந்து முதல் வரிக்குப் போய்ப் பார்ப்போம் இல்லையா, அதற்குச் சமமான செயல் இது.

மரம் என்பதால் அது மாறிக்கொண்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும். அதுவும் ரேகைக்குக் குறுக்கே கூடுதலாக உப்பும். சித்திரையில் வழுக்கிக்கொண்டு போன பலகை ஐப்பசியில் அடம் பிடிக்கும். அப்போது பலம் கொண்டு தள்ளக்கூடாது, உடைந்துவிடும். ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். செய்தவர் இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் இடுக்கின் அளவைத் தீர்மானிக்கிறார். இறுக்கமாக வைத்தால் ஈரத்தில் மாட்டும், தளர்வாக வைத்தால் வறட்சியில் ரகசியம் தெரிந்துவிடும். ஒரு முடி அளவு இடைவெளியில் அவருடைய மொத்த அனுபவமும் இருக்கிறது.

ஆக, இரண்டாவது அளவுகோல் மீள்திறப்பு. விடை தெரிந்தபின் மறுபடி திறக்கத் தோன்றுகிறதா? நல்ல கராகுரி பெட்டிகளுக்கும் இது பொருந்தும், வேறு விதத்தில். திறந்தவருக்கு அடுத்து வரும் ஆசை அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அவருடைய விரல் சரியான இடத்துக்கு மிக அருகில் போய்விட்டுத் திரும்பும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. இது சாதாரண இன்பமில்லை. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் இந்த ஆசை வருவதில்லை. குலுக்கித் திறந்த பெட்டியை யாரிடமும் கொடுக்கத் தோன்றாது.

6

பெட்டிகளைச் சுற்றி ஒரு உலகமே இருக்கிறது. 1978இல் ஜெர்ரி ஸ்லோக்கம் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் தன் வீட்டில் சில நண்பர்களைக் கூட்டியதிலிருந்து தொடங்கியது சர்வதேசப் புதிர் விருந்து என்ற ஆண்டுக் கூடுகை. அழைப்பின்பேரில் மட்டும் போக முடிந்த அதில், ஆளுக்கொரு புதிரைப் பல பிரதிகள் செய்து கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். ஸ்லோக்கம் தன் சேகரிப்பைப் பின்னாளில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குக் கொடுத்தார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிர்கள் இன்று அங்கே இருக்கின்றன. கராகுரி குழுவின் சங்கத்தில் உறுப்பினராகிறவர் முன்பணம் கட்டி, எந்தக் கைவினைஞர் வேண்டும் என்று மட்டும் சொல்வார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பெட்டி வரும். என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு எழுத்தாளரை நம்பி, அவர் இன்னும் எழுதாத புத்தகத்துக்குப் பணம் கட்டுவது மாதிரி. இவ்வளவு நம்பிக்கை நம் இலக்கியச் சூழலில் எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் என்று யோசித்துப் பெருமூச்சு விடலாம்.

இந்த உலகத்தின் முதல் விதி வாய் திறக்காதே என்பது. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கைவினைஞரின் முதலீடு மரமும் உளியும் மட்டும் இல்லை, அந்த ஒரு யோசனையும்தான். யோசனை வெளியே போனால் மலிவான நகல் சந்தைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் யோசித்து, ஒவ்வொரு பிரதியையும் கையால் செய்கிறவருக்கு அதற்கப்புறம் என்ன மிஞ்சும்? நகல் வாங்காமல் இருப்பதையும், ஒருவரின் வடிவத்தைச் செய்ய அவரிடம் அனுமதி கேட்பதையும் இந்தச் சமூகம் ஒரு ஒழுக்கமாகவே வைத்திருக்கிறது. இதை நான் மதிக்கிறேன்.

பிரச்சினை, அந்த மௌனம் தீர்வோடு நிற்காமல் தீர்ப்புக்கும் பரவிவிட்டது. தீர்வைச் சொல்லாதே என்பது மெல்ல மெல்லக் குறையைச் சொல்லாதே என்றாகிவிட்டது. செய்கிறவர்கள் சிலர்தான், எல்லாரும் எல்லாருக்கும் நண்பர்கள், அடுத்த பெட்டிக்குக் காத்திருப்போர் வரிசையில் நம் பெயரும் இருக்கிறது. யார் வாய் திறப்பார்? அரிய மரம், குறைந்த பிரதி, பெரிய எண் என்று மூன்றே அளவுகோல்கள் மிஞ்சுகின்றன. மூன்றுமே ஏலக்கடைக்காரரின் அளவுகோல்கள். ஏலத்தில் விலை ஏற ஏற, பெட்டியைக் கையில் எடுக்கவே பயப்படுகிறார்கள். கைக்காகவே செய்யப்பட்ட ஒரு பொருள் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. திறக்கப்படாத புதிர்ப்பெட்டி என்பது வாசிக்கப்படாத புத்தகம்கூட இல்லை. புத்தகத்தையாவது பிறகு யாராவது பிரிக்கலாம். கை படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மரம் மாட்டிக்கொண்டால் பிறகு திறக்கவே திறக்காமல் போகலாம்.

வெளிப்படையாகப் பேசினால் கலை செத்துவிடும் என்ற பயத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை. 1796இல் ஹொசோகாவா ஹன்ஸோ என்ற ஜப்பானியர் 'கராகுரி ஸுயி' என்ற நூலை வெளியிட்டார். தேநீர் பொம்மை உள்ளிட்ட பொறிகளின் உள்ளமைப்பை, பல்சக்கரம் பல்சக்கரமாகப் படம் போட்டு விளக்கிய நூல் அது. பொம்மைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சொல்லப்போனால், பின்னால் வந்தவர்கள் அந்தப் பொம்மையைத் திரும்பச் செய்ய முடிந்ததே அந்தப் படங்களால்தான். எப்படி நடக்கிறது என்று தெரிந்தபின்னும் அது தேநீர்க் கோப்பையை ஏந்திக்கொண்டு வருவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. 1893இல் பேராசிரியர் ஹாஃப்மன் என்ற புனைபெயரில் ஏஞ்சலோ லூயிஸ் எழுதிய புதிர்த் தொகுப்பு நூல், புதிர்களை ஒரு பகுதியிலும் விடைகளைத் தனியாக வேறொரு பகுதியிலும் வைத்தது. பக்கத்தைப் புரட்டுவதா வேண்டாமா என்பது வாசகர் கையில். நம் காலத்தில் ஸ்டூவர்ட் காஃபின், கோத்துப் பூட்டும் மரப்புதிர்களின் பெரிய ஆசான், தன் வடிவங்களையும் அவற்றின் கணிதத்தையும் 1990இல் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். அதைப் படித்துத்தான் பலர் இந்தத் துறைக்குள் வந்தார்கள்.

இன்று பெட்டி விற்று வாழ்கிறவரின் நிலைமை இவர்களுடையதிலிருந்து வேறு. ஆகவே எல்லாருடைய ரகசியத்தையும் போட்டு உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. தீர்வு அவரவருடையது. மதிப்பீடு வாசகருடையது. முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

7

ஒரு புதிர்ப்பெட்டியைப் பற்றி எழுத உட்காருகிறவர் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகளை மேலே சொன்னதிலிருந்தே தொகுக்கலாம். இதன் தோற்றத்துக்கும் ரகசியத்துக்கும் உறவு இருக்கிறதா? திறக்க வந்தவருக்கு நியாயமான குறிப்பு கிடைத்ததா? திறந்தபின், எப்படித் திறந்தோம் என்று அவருக்குத் தெரியுமா? எண்ணிக்கை எதைக் கூட்டுகிறது, யோசனையையா பொறுமையையா? விடை தெரிந்தபின் மறுபடி திறக்கத் தோன்றுகிறதா, அல்லது இன்னொருவரிடம் கொடுக்கத் தோன்றுகிறதா? இவற்றில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல எந்தப் பலகை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருப்பத்தைச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிற இன்றைய கதைவாசகருக்கும் இதே கேள்விகளைத் திருப்பிப் போடலாம். ஒரு நாவலின் முடிவு தெரிந்துவிட்டால் அதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்றால், அந்த நாவலில் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லை. முடிவைக் காப்பாற்றுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது முடிவு நியாயமாக வந்ததா என்று கேட்பதில் காட்டலாம்.

என் சொந்தத் தரவரிசையை மறைக்கப்போவதில்லை. ஆயிரத்தைந்நூறு அசைவுப் பெட்டியை மரியாதையோடு தள்ளி வைப்பேன். உருவமும் உபாயமும் ஒன்றாகிவிட்ட நல்ல கராகுரி பெட்டியை ஒருமுறை திறந்துவிட்டு நண்பர்கள் கையில் கொடுத்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் என்றால், மூலைகளில் கோலம் தப்பாத, மழைக்காலத்தில் கொஞ்சம் அடம் பிடிக்கிற, பத்து அசைவுப் பழைய பெட்டியைத்தான் எடுப்பேன். இதை மறுத்து யாராவது எழுத வேண்டும். கிங் கியூபியின் ஆயிரமாவது அசைவில் நான் காணாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒருவர் விளக்கமாக எழுதினால், அதுதான் இந்தக் கலைக்கு இப்போது தேவைப்படுகிற கட்டுரை.